காய்ப்பு என்றுதான் நினைத்தேன்

கடலூர் முதுநகரில் வந்து செலின் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கில்ட்டு அக்கா வீடு என்று கேளுங்கள், வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள். நான் தைப்பது குவில்ட். துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்த மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் ஒன்றாக வைத்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்ட போர்வை. கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் கற்றுக்கொண்டது. அந்த இங்கிலீஷ் வார்த்தை எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் கில்ட்டு ஆகிவிட்டது. புதிதாகக் குடிவந்த ஒருத்தி கில்ட்டு வளையல் காட்டச் சொல்லி வந்து நின்றாள். வந்தவளைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் ஒரு டீயைக் கொடுத்து அனுப்பினேன்.

வியாதியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அதன் பேரைக் கடைசிவரை ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காது. எனக்கு வந்தது தொழுநோய். மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற வியாதிதான். என் மாத்திரைகள் முடியப்போகின்றன. பாதிப் பேர் இந்த இடத்திலேயே பக்கத்தை மூடிவிடுவீர்கள் என்று தெரியும். மிச்சப் பேர் வாருங்கள், சொல்கிறேன்.

குவில்ட் தைப்பதில் இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை. மேலே இருக்கிற கை ஊசியைக் குத்தும். துணிக்கு அடியில் இருக்கிற கை, ஊசிமுனை மூன்று துணியையும் தாண்டி வந்துவிட்டதா என்று விரல்நுனியால் தொட்டுப் பார்த்து, உடனே திருப்பி மேலே தள்ளும். எங்கள் பட்டறையில் அதற்குக் கீழ்க்கை என்று பேர். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதுதான் கண். ஊசி அதைக் குத்திக்கொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஆ, ஊ என்பார்கள். வருஷக்கணக்கில் தைத்த பிறகு விரல்நுனி காய்த்துவிடும். ஊசி பட்டது தெரியும், வலி மட்டும் தெரியாது. "அவளுக்குக் கீழ்க்கை காய்ச்சிடுச்சு" என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்னால், எங்களுக்குள் அது பட்டம் வாங்கின மாதிரி.

எனக்கு இடது கைதான் கீழ்க்கை. மோதிர விரலால் பார்க்கும் பழக்கம். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விரலில் ஊசி படுவதே தெரியாமல் போனபோது நான் பயப்படவில்லை, பெருமைதான் பட்டேன். என் வீட்டுக்காரர் சேவியர், துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், அவரிடம் கையை நீட்டிப் பீற்றிக்கொண்டேன். முழங்கைக்குக் கீழே ஒரு வெளுப்பும் இருந்தது. தேமல் என்று நினைத்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவினேன். அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. வலிக்காத எதையும் நம்ம வீடுகளில் வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்போது நான் தைத்துக்கொண்டிருந்தது என் பேரப்பிள்ளைக்கு. எங்களுக்கு ஜென்சி ஒரே பெண். சிதம்பரத்துப் பையன் பிரபுவை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அவர்கள் காட்டுமன்னார்கோயில் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், பிள்ளைகள் படிப்புக்காகச் சிதம்பரத்தில் வந்து தங்கியவர்கள். நாங்கள் கோயில் என்றால் சர்ச், அவர்கள் கோயில் என்றால் நடராஜர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டோம். பிறகு ஜென்சி முழுகாமல் இருக்கிறாள் என்றதும் சம்பந்தி வசந்தா தன்னுடைய பழைய சுங்குடிப் புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பிறந்த பிள்ளையைப் புதுத் துணியில் கிடத்தக் கூடாது, நைந்த துணிதான் ஆகும். அதில் இரு வீட்டுக்கும் ஒரே வழக்கம். அந்தச் சுங்குடி, என் பழைய வாயல் புடவை, ஜென்சியின் பழைய சுடிதார் எல்லாவற்றையும் வெட்டிச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் குவில்ட்டைத் திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் பொட்டுப் பொட்டாக ரத்தம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூட்டைப்பூச்சி என்று முடிவுகட்டி, கட்டிலைத் தூக்கி வெயிலில் போட்டு, ஐஸ் கம்பெனியிலிருந்து பூச்சியைக் கூட்டி வந்தீரா என்று சேவியரை ஒரு பிடி பிடித்தேன். மனுஷன் போய் மருந்து வாங்கிவந்து அடித்தார். மறுநாள் உட்கார்ந்து தைத்துவிட்டுத் திருப்பினேன். அப்போதுதான் தைத்த வரிசையிலேயே புது ரத்தம், ஈரமாக. கையைத் திருப்பிப் பார்த்தேன். மோதிர விரல் நுனி முழுக்கக் குத்துப்பட்டுப் பொத்தலாகிக் கிடந்தது. விரல் என்னுடையது, ரத்தமும் என்னுடையது, எனக்குத்தான் தகவல் வரவில்லை.

கடலூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். சின்ன வயசு அம்மா. தையல்காரி, கை காய்ச்சுப்போச்சு, அதான் தெரியலை என்று நானே வியாதிக்குக் காரணமும் சொல்லிவிட்டேன். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சுத் திரியால் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கள் என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். எப்போது ஆரம்பிப்பார் என்று சலிப்பாகக்கூட இருந்தது. கண்ணைத் திறந்தால் சேவியர் முகம் வெளிறியிருந்தது. டாக்டர் அதுவரை அத்தனை இடத்தில் தொட்டிருக்கிறார்.

"காய்ச்ச எடத்துல வலிதாம்மா கொறையும், தொட்டா தெரியும்" என்றார். "ஒங்களுக்குத் தொடுறதே தெரியல. இது காய்க்கல. மரத்துருக்கு."

இரண்டும் எனக்குத் தெரியாத வார்த்தைகளா? தினம் புழங்குகிற வார்த்தைகள். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கும் மேலாக ஓட்டியிருக்கிறேன். அப்புறம் அவர் என் முழங்கையின் உள்பக்கம் விரலை வைத்து உருட்டினார். அங்கே ஒரு நரம்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது. அமுக்கியதும் சுண்டுவிரல்வரை கரண்ட் அடித்தது. அங்கே அவ்வப்போது வலித்ததைத்தான் எங்கோ இடித்துக்கொண்டதாக நினைத்து நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வியாதியின் பேரை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சர்ச்சில் பைபிள் வாசிக்கும்போது கேட்ட குஷ்டரோகி என்கிற அந்தப் பழைய வார்த்தை காதில் விழுந்தது. எப்போதும் ஊருக்கு வெளியே நிற்கிற ஆள். பக்கத்தில் வராதே என்று விரட்டப்படுகிற ஆள். நான் கேட்ட முதல் கேள்வி என் கையைப் பற்றி அல்ல. என் பெண் பிள்ளைத்தாய்ச்சி, அவளுக்குப் பிறக்கப்போகிறதை நான் தூக்கலாமா என்று கேட்டேன். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் உங்களிடமிருந்து யாருக்கும் பரவாது, தாராளமாகத் தூக்குங்கள் என்றார். நான் திரும்பவும் கேட்டேன். அவர் திரும்பவும் சொன்னார். காது கேட்டது, மனசு கேட்கவில்லை. அந்தப் பிள்ளையை நான் தொடுவேனா, தொட விடுவார்களா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது.

நரம்பு வீக்கம் ஜாஸ்தியாக இருந்தது. கிருமி மாத்திரையால் சாகும், ஆனால் உடம்பு அந்தக் கிருமியோடு மல்லுக்கு நிற்கும்போது நடுவில் நரம்பு நசுங்கிவிடும், வீக்கத்தை உடனே இறக்கினால்தான் விரல் மடங்கிப்போகாமல் காப்பாற்றலாம் என்று விளக்கினார். அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை பெரிய அளவில் கொடுத்து ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்துப் பார்க்க வேண்டும். சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் சேவியர், "எடது கைதான, விடு" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார், பாவம். பின்னால் நரம்பு வீக்கம் என்று கேள்விப்பட்ட சொந்தபந்தம் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். கீழ்க்கை போனால் எனக்கு என்ன போகும் என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? பஸ் ஏறினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு வெளியே பெஞ்சில் எல்லோரும் கொஞ்சம் இடைவெளி விட்டே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஆளுக்கு என்னவோ என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம். நானும் புடவையை ஒதுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். காது மடலில் லேசாகக் கீறிக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப்போனார்கள், கிருமி எவ்வளவு என்று பார்க்க. பிறகு கைப்பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே வெவ்வேறு தடிமனில் நைலான் இழைகள். மெல்லிய இழை தெரிந்தால் பச்சை, அதைவிடத் தடித்தது தெரிந்தால் நீலம், இன்னும் தடித்ததற்கு ஊதா, அதற்கும் மேலே சிவப்பு என்று காகிதத்தில் என் கையை வரைந்து கலர் அடித்தார். பெருவிரல் பக்கம் பச்சை, நீலம். மோதிர விரலும் சுண்டுவிரலும் சிவப்பு. நூலையும் கலரையும் வைத்தே பிழைத்தவள் நான், அந்தச் சிவப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வார்டில் பக்கத்துக் கட்டில் தனம். கிள்ளையில் மீன் விற்கிறவள். காலில் ஆறாத புண்ணுக்கு வந்திருந்தாள். என்னக்கா ஒடம்புக்கு என்றாள். நரம்பு என்றேன். என் முழங்கையைப் பார்த்தாள், மாத்திரை அட்டையைப் பார்த்தாள்.

"ஓ, அதா" என்றாள். "எனக்கும் அதான். மாத்தர முடிச்சு ரொம்ப நாளாச்சு, வியாதி போயிடுச்சு. பாதத்துல உணர்ச்சிதான் திரும்ப வர்ல. முள்ளு குத்தனாலும் வீட்டுக்குப் போயி பாத்தாதான் தெரியும். நீ சீக்கிரமா வந்துட்டக்கா."

அவ்வளவு சத்தமாகச் சொன்னதற்கு முதலில் அவள்மேல் எரிச்சல் வந்தது. சாயந்திரத்துக்குள் அவளிடம்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் மாத்திரை போட்டதும் சிறுநீர் சிவப்பாகப் போய் நான் பதறியபோது, மருந்தோட சாயம்க்கா, ஒன் துணியில சாயம் போற மாதிரி என்று சிரித்தவளும் அவள்தான். ஸ்டீராய்டு பசியைக் கிளப்பிவிட்டது. முகம் பூரி மாதிரி உப்பியது. தோல் கறுத்தது, அது இன்னொரு மாத்திரையின் வேலை, பின்னால் சரியாகும் என்றார்கள். காலையில் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரல் விரலாக நீட்டி மடக்க வேண்டும்.

சேவியர் ஷிப்ட் முடித்துக் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து அந்த எண்ணெயைத் தடவிவிடுவார். அவரையும் பரிசோதித்து, வராமல் தடுக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு காலையில் என் தட்டில் நான் மிச்சம் வைத்த இட்லியை எடுத்துச் சாப்பிட்டார். யாருடைய எச்சிலையும் தொடாத மனுஷன், அதிலும் இட்லி என்றால் முகம் சுளிக்கிறவர். நான் அழுதுவிட்டேன். ஏன் அழறே, சட்னி நல்லாருக்கு என்றார்.

ஜென்சியிடமும் சம்பந்தி வீட்டிலும் நரம்பு வீக்கம் என்றுதான் சொல்லியிருந்தோம். ஒரே ஊர் என்பதால் மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டிலிருந்து வந்தது. எவர்சில்வர் அடுக்குத் தூக்கில் ரசம் தனியாக, கூட்டு தனியாகப் பிரபு கொண்டுவந்து வைப்பார். ஆனால் சுகாதாரப் பணியாளர் வந்து, சமீபம்வரை உங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் எல்லோரையும் பார்க்க வேண்டும் என்றார். ஜென்சி கல்யாணம்வரை என்னோடு ஒரே பாயில் படுத்தவள். கர்ப்பமாக இருப்பதால் இப்போது மாத்திரை எதுவும் வேண்டாம், தோலை மட்டும் பார்த்தால் போதும் என்றார்கள். ஆனாலும் சொல்லாமல் எப்படிப் பார்ப்பது? அவளை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. எத்தன நாளா தெரியும், என்கிட்ட மறைச்சிட்டல்ல என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் தோலில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் முகம் தெளியவில்லை. வீட்டுக்குப் போய் மாமியாரிடம் அவளே சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாப்பாடு வந்தது. பிளாஸ்டிக் டப்பாவில். தூக்கிப் போட்டுவிடுகிற டப்பா. பிரபு அதை வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தபடி நின்றார். ரசம் அதே ரசம்தான். எனக்கு இறங்கவில்லை. பாத்திரம் திரும்பிப் போகக் கூடாத வீடாக நான் ஆகிவிட்டேன் என்று தோன்றியது. பொண்ணுக்குத் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது ஊர் வழக்கம். இனி எந்த முகத்தோடு அனுப்புங்கள் என்று கேட்பேன்? சேவியரைக் கூப்பிட்டு, பிரசவம் அங்கேயே நடக்கட்டும், எனக்கு ஒடம்பு தெம்பு இல்லன்னு சொல்லிடுங்க என்றேன். அவர்கள் மறுக்கும் முன்னால் நான் மறுத்துவிட்டால் அவமானம் கொஞ்சம் குறையும் என்று ஒரு கணக்கு.

அதற்கு அடுத்த சில நாளில் சம்பந்தியே வந்தார். கையில் பழைய எவர்சில்வர் தூக்கு. கட்டிலில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"பயந்துட்டேன் சம்பந்தி. பொய் சொல்லல" என்றார். "அதான் டப்பால குடுத்தனுப்புனேன். அப்பறம் டாக்டர்கிட்ட நானே ரெண்டு வாட்டி போயி கேட்டேன். ரெண்டு வாட்டியும் ஒண்ணுதான் சொன்னாரு. ஒங்களால பொண்ண வச்சுப் பாக்க முடியலன்னா, நீங்க எங்க வீட்டுக்கு வந்து இருங்க. பச்ச ஒடம்பு, அவளுக்கு அம்மா வேணும்."

சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை என்பார்கள். அதையெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை. எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று வந்து இனிப்பாகப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலை முழுகியவர்களையும் எனக்குத் தெரியும். பயந்துட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் இவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வீக்கம் இறங்கி வீட்டுக்கு வந்தேன். மடங்க ஆரம்பித்த சுண்டுவிரல் அதோடு நின்றது. பிடிக்கும் பலம் திரும்பியது. தொட்டறிகிற உணர்ச்சி மோதிர விரலில் பாதிக்கு வந்தது, சுண்டுவிரலில் வரவில்லை. வராமலும் போகலாம் என்று முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். குவில்ட்டை முடிக்க வேண்டும். கீழ்க்கை விரல் இரண்டுக்கும் தகரத் தொப்பி மாட்டிக்கொண்டேன். ஊசி தகரத்தில் இடிக்கிற சத்தத்தைக் கேட்டுத் தள்ளினேன். நாலு தையலுக்கு ஒரு தடவை திருப்பிக் கண்ணால் பார்த்தேன். பட்டறையில் முதல் நாள் வந்த பெண் போடுகிற தையலைவிட மோசம். பிரித்துப் பிரித்துப் போட்டேன். எரிச்சலில் ஒரு நாள் தூக்கி எறிந்தேன், சேவியர் எடுத்து மடித்து வைத்தார்.

முடித்த பிறகு செய்ததைச் சொல்கிறேன். தேவையில்லை என்று டாக்டர் சொல்லியும், குவில்ட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். காயவைத்து மறுபடியும் போட்டேன். சம்பந்தி கொடுத்த சுங்குடியின் சிவப்பு கரைந்து என் வாயல் புடவைத் துண்டுகளில் ஏறிவிட்டது. மற்றவர்கள் பயப்படுகிறார்கள் என்று மூக்கைச் சிந்திய நான்தான், எல்லோரையும்விட என் கையைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

பையன் பிறந்தான். சிதம்பரத்தில் அவர்கள் வீட்டிலேயே போய் இருந்தேன். ஜென்சிக்குப் பத்தியம் சமைத்தேன், பூண்டு உரித்தேன், சாம்பிராணி போட்டேன், துணி மடித்தேன். பிள்ளையை மட்டும் தூக்கவில்லை. யாராவது நீட்டினால் அடுப்பில் ஏதாவது இருக்கும். கை நழுவிடும் என்பேன், குளிச்சிட்டு வரேன் என்பேன். வேண்டாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஜென்சி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஒரு மத்தியானம் கூடத்தில் அந்த குவில்ட்டை விரித்து அவனைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஜென்சி படுத்திருந்தாள். சம்பந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, இடது கையை ஊன்றிக்கொண்டு, கொதிக்கவைத்ததில் சாயம் ஏறிப்போனதைச் சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் கொதிக்கவைத்தேன் என்பதையும் சொன்னேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. சொல்லி முடித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போகலாம் என்று அசைந்தேன்.

"ம்மா, அசையாத" என்றாள் ஜென்சி. "ஒன் கையப் பாரு."

பார்த்தேன். குவில்ட்டின் ஓரத்தில் நான் ஊன்றியிருந்த கையின் சுண்டுவிரலை அவன் பிடித்திருந்தான். உள்ளங்கைக்குள் முழுசாக வைத்து, நகம் வெளுக்க, இறுக்கி. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணால் பார்த்தும்கூட, அந்தப் பிடி வேறு யாருடைய விரலிலோ இருப்பது போலத்தான் இருந்தது. விரலை இழுக்கவும் தோன்றவில்லை, இழுக்காமல் இருக்கவும் பயம்.

எப்போதிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று கேட்டேன்.

சம்பந்தி கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நீங்க வந்து ஒக்காந்ததுலேருந்து."